ஆளில்லா அரங்கில் மார்கழி

நுழையும்முன்

சென்னையின் மார்கழி இசைவிழா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உடையது. 2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றின் காரணமாக அவ்விழா அரங்கைவிட்டு இணையத்திற்கு இடம்பெயர்ந்தது. கேட்போர் எதிரே இல்லாதபோது கச்சேரி எவ்வாறு மாறியது? இல்லத்திலிருந்து கேட்டோர் பெற்றது என்ன? இசையை நம்பி வாழ்வோர் இழந்தது என்ன? இவ்வினாக்களுக்கு விடைதேடும் முயற்சியே இப்பாடம்.

மூடிய கதவுகள்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய திங்கள்கள் தமிழகக் கோயில்களில் கொடியேற்றமும் தேரோட்டமும் நிகழும் காலம். அவ்வாண்டு மதுரை மீனாட்சியம்மன் திருக்கல்யாணம் மே 4ஆம் நாள் பக்தர் கூட்டமின்றி நடந்தேறியது. மக்கள் அதனை இணைய நேரலையில் தத்தம் இல்லங்களிலிருந்து கண்டனர். கள்ளழகர் வைகையில் இறங்கும் நிகழ்வு நடைபெறவில்லை. திரையின்முன் அமர்ந்து திருவிழாவைக் காணும் பட்டறிவு பலருக்கு அன்றுதான் முதன்முதலாக வாய்த்தது.

வெயிற்காலத்தில் தொடங்கிய தொல்லை கார்காலம் கடந்தும் நீங்கவில்லை. டிசம்பர் நெருங்கியபோது சென்னையின் இசைச் சபாக்கள் பெரும் தயக்கத்தில் இருந்தன. கச்சேரி கேட்க வருவோரில் முதியோர் மிகுதி. நோயின் கொடுமைக்கு எளிதில் இலக்காவோரும் அவர்களே. அவர்களை ஒரே கூரையின்கீழ் மூன்று மணிநேரம் அமரவைப்பது அறமன்று. விழாவை அடியோடு நிறுத்துவதற்கும் மனம் இடம்தரவில்லை.

அத்தயக்கத்துக்கு வரலாறும் ஒரு காரணம். 1927ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டையொட்டி அனைத்திந்திய இசை மாநாடு ஒன்று கூடியது. அதன் விளைவாக மறு ஆண்டில் உருப்பெற்றதே சங்கீத வித்வத் சபை எனப்படும் மியூசிக் அகாதெமி. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றித் தமிழ்ப் பாடல்களுக்கென ஒரு மேடையை நிறுவியது. சபாக்கள் பெருகப்பெருக, மார்கழி என்றாலே கச்சேரி என்னும் நிலை சென்னையில் உருவாயிற்று.

ஆகவே, சென்னைச் சபாக்களின் கூட்டமைப்பு 2020 டிசம்பரில் 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்னும் பெயரில் கலாகேந்திரா இணையதளத்தின் வழியே விழாவை நடத்தியது. மியூசிக் அகாதெமி தன் விழாவைச் சுருக்கி டிசம்பர் 24 முதல் 31 வரை இணையவழியில் நடத்தியது. நுழைவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றோர், அவ்வாண்டு கடவுச்சொல்லைத் தட்டச்சிட்டு உள்ளே நுழைந்தனர்.

ஏன் அவரவர் வீட்டிலிருந்து பாடவில்லை?

அலுவலகக் கூட்டங்களும் பள்ளி வகுப்புகளும் காணொலிவழி நடந்த காலம் அது. பாடகர் மயிலாப்பூரிலும் வயலின் கலைஞர் திருச்சியிலும் மிருதங்கக் கலைஞர் கும்பகோணத்திலும் அமர்ந்து கச்சேரி செய்திருக்கலாமே என்று தோன்றலாம். முயன்றவர்கள் முதல் பாடலிலேயே அது இயலாது எனக் கண்டுகொண்டனர்.

காரணம், காலத்தாழ்ச்சி. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையில் பாடகருக்கும் மிருதங்கக் கலைஞருக்கும் இடையே 2 மீட்டர் இருந்தால், பாட்டு அவர் செவியை 6 மில்லிநொடியில் அடையும். ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஆறு கூறு. இதனைச் செவி உணர்வதில்லை. இணையவழியிலோ குரல் மின்குறிகளாக மாற்றப்பட்டு, சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, பல நிலையங்களைக் கடந்து, மீண்டும் ஒலியாக்கப்பட வேண்டும். இதற்கு 150 மில்லிநொடி ஆவது இயல்பு.

ஆதிதாளத்தின் ஓர் அட்சரத்துக்கு ஒரு நொடி எனக் கொள்வோம். ஓர் அட்சரத்துக்குள் எட்டுச் சொற்கள் விழுமாறு மிருதங்கம் வாசிக்கப்படுமானால், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே 125 மில்லிநொடியே உண்டு. 150 மில்லிநொடி தாமதம் என்பது முழுதாக ஒரு சொல்லையும் தாண்டிய பிழை. மிருதங்கக் கலைஞர் கேட்பது சற்றுமுன் பாடப்பட்ட பாட்டை. அவர் அதற்கு வாசித்தது பாடகரை வந்தடையும்போது 300 மில்லிநொடி கடந்திருக்கும். பாடகர் மிருதங்கத்துக்காகக் காத்திருக்க, மிருதங்கம் பாடகருக்காகக் காத்திருக்க, காலப்பிரமாணம் தேய்ந்துகொண்டே போகும். காலப்பிரமாணத்தை உயிரெனப் போற்றும் இசைமரபில் இதனைவிடப் பெரிய குறை வேறில்லை.

கருவியைத் திருத்தினால் இக்குறை நீங்கிவிடுமா? உள்ளூருக்குள் ஓரளவு குறைக்கலாம். தொலைவு மிகுந்தால் இயற்கையே தடுக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவே 13,000 கிலோமீட்டருக்கு மேல். எனவே ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் 65 மில்லிநொடிக்குக் குறையாமல் வேண்டும். உண்மையில் இழைகள் நேர்க்கோட்டில் செல்வதில்லையாதலால் காலம் இன்னும் கூடும். வெளிநாட்டு மாணவர்க்கு இணையவழி இசை கற்பிக்கும் ஆசிரியர்கள் ஊரடங்குக்கு முன்பே இதனை அறிந்திருந்தனர். அவ்வகுப்புகளில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாடுவதில்லை. ஆசிரியர் ஓர் அடியைப் பாடி நிறுத்துவார். மாணவர் தாமே தாளமிட்டுத் திருப்பிப் பாடுவார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. காணொலிக்கூட்டச் செயலிகள் மனிதப் பேச்சுக்கென உருவாக்கப்பட்டவை. இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அதனை மின்விசிறியின் இரைச்சல் எனக் கருதி அவை அடக்கிவிடும். தம்புராவின் சுருதியும் அத்தகைய ஒலியே. இசைக்கு நிலைக்களமான சுருதியை இரைச்சலென்று விலக்கும் கருவியைக்கொண்டு கச்சேரி கேட்க நேர்ந்தது அக்காலத்தின் விந்தை. ஒலியை உள்ளவாறே அனுப்பும் வசதி சில செயலிகளில் உண்டு. அதனைத் தேடிக்கண்டு இயக்கத் தெரிந்தவர் சிலரே.

ஊரடங்கின் தொடக்க மாதங்களில் கட்டம்கட்டமாகக் கலைஞர்கள் தோன்றும் காணொலிகள் பல வெளிவந்தன. அவை ஒரே நேரத்தில் பாடப்பட்டவை அல்ல. பாடகர் காதொலிப்பானில் தாளத்தைக் கேட்டுக்கொண்டு தனியே பாடிப் பதிவுசெய்து வயலின் கலைஞருக்கு அனுப்புவார். அவர் அதனைக் கேட்டு வாசித்துச் சேர்ப்பார். பின்னர் மிருதங்கம் சேரும். வயலின் பாட்டைக் கேட்டது; பாட்டு வயலினைக் கேட்கவில்லை. ஒருவர் பாடிய கற்பனைச்சுரத்துக்கு மற்றவர் விடையிறுக்க, அவ்விடையிலிருந்து புதிய வினா பிறக்கும் உரையாடல் அங்கு நிகழ வழியில்லை. அக்காணொலிகளில் பெரும்பாலும் ஐந்தாறு நிமிடக் கீர்த்தனைகளே இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

எனவே, மார்கழி விழாவுக்கெனக் கலைஞர்களை ஓரிடத்தில் சேர்த்து, மேடையில் இடைவெளிவிட்டு அமர்த்தி, கச்சேரிகளைப் பதிவுசெய்தனர். கேட்போர்க்கு இணையத்தின் தாமதம் ஒரு பொருட்டன்று. பாட்டு இருபது நொடி பிந்தி வந்தாலும் அதன் வரிசை குலையாது வருமாயின் போதும். சேர்ந்து இசைப்போரே ஒருங்கே இருத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைத் தருகிறது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். தூண்களின் நிழல் ஆடுவோர்மீது படாதவாறு விளக்குகள் அமைக்கப்பட்டன. மூவகைத் திரைச்சீலைகளும் கூறப்படுகின்றன. காண்போர் எங்கிருந்து காண்கின்றனர் என்பதை எண்ணியே அரங்கு வகுக்கப்பட்டது என்பதை இச்செய்திகள் உணர்த்தும்.

புதிய கருவிகளும் பழைய அச்சமும்

இசை கருவியின் வழியே தொலைவுக்குச் சென்றது இதுவே முதன்முறை அன்று. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பாட இயன்றது. அரைமணி நேரம் விரியக்கூடிய இராகத்தைப் பாடகர்கள் அச்சிறு கலத்துக்குள் அடக்கக் கற்றுக்கொண்டனர். ஒலிபெருக்கி வந்தபோது, உரத்துப் பாட இயலாத மென்குரலினர்க்கும் பெரிய மேடைகள் திறந்தன. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாள் தொடங்கியது. வானொலிப்பெட்டி வாங்க இயலாதோர் பூங்காக்களில் பொருத்தப்பட்ட ஒலிபெருக்கிகளின் அருகே மாலைவேளைகளில் அமர்ந்து இசை கேட்டனர்.

வானொலி ஓர் உண்மையை விரைவில் உணர்ந்தது. ஒலிப்பதிவு அறையின் நான்கு சுவர்களுக்குள் பாடும் பாட்டுக்கும் மக்கள் முன்னிலையில் பாடும் பாட்டுக்கும் வேறுபாடு உண்டு. 1954இல் அது தொடங்கிய 'சங்கீத சம்மேளன' நிகழ்ச்சிகளில் அழைக்கப்பட்ட பார்வையாளர்களின்முன் கலைஞர்கள் பாடினர். அப்பதிவுகளே நாடெங்கும் ஒலிபரப்பாயின. அன்று வேண்டுமென்றே அழைத்து அமர்த்தப்பட்ட அக்கூட்டத்தைத்தான் 2020இல் விலக்க நேர்ந்தது.

கேட்போர் செய்யும் பணி

கச்சேரியில் கேட்போர் வெறுமனே அமர்ந்திருப்பதில்லை. முன்வரிசையில் இருப்போர் தொடையில் தாளமிடுகின்றனர். இராகத்தின் ஓர் அரிய பிடி வந்து விழும்போது எங்கிருந்தோ 'சபாஷ்' என்னும் ஒலி எழும், சிலர் தலையசைப்பர், வேறு சிலர் நாவால் மெல்ல ஒலியெழுப்பித் தம் வியப்பைக் காட்டுவர். பாடகர் இவற்றைப் பார்த்துக்கொண்டே பாடுகிறார். அவை மலர்ந்தால் இராகம் விரியும். அவை சோர்ந்தால் அடுத்த பாடல் விரைவுநடையில் அமையும். விரும்பிய பாடலைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. எழுதிவைத்த நிரலின்படியே முடியும் கச்சேரிகள் குறைவு.

மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொள்ளலாம். கணக்குகள் பின்னிப்பின்னி வளர்ந்து, மும்முறை ஒலிக்கும் கோர்வையாகத் திரண்டு, பாடலின் எடுப்பில் மிகச்சரியாக வந்து விழும். அந்நொடியில் அவையில் எழும் கைதட்டலைக் கலைஞர் வாசித்துக்கொண்டே எதிர்நோக்குகிறார். பதிவுசெய்யப்பட்ட இணையக் கச்சேரிகளில் அந்த இடம் வரும், கோர்வை விழும், பின்பு ஒன்றும் கேளாது. உடன் அமர்ந்த வயலின் கலைஞர் மட்டும் மெல்லத் தலையசைப்பார். அக்கச்சேரிகளைக் கேட்டோர்க்கு அந்த வெறுமை உறுத்தியது. (தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச்சாலையை நோக்கி நடப்போர் அரங்கிலும் இருந்தனர் என்பது வேறு செய்தி. வீட்டில் அவர்கள் எழுந்துபோனதைக் கண்டவர் எவருமில்லை.)

கேட்போரின் உடல்கூட இசையில் பங்குகொள்கிறது. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுபவை. ஆயிரம் பேர் அமர்ந்த மண்டபத்தில் எதிரொலி விரைவில் அடங்கும். நாற்காலிகள் மட்டும் நிறைந்த மண்டபத்தில் ஒலி நெடுநேரம் உலவும்; மிருதங்கத்தின் விரைவான சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெளிவிழக்கும். ஒலிப்பதிவாளர்கள் ஒலிவாங்கிகளைக் கருவிகளுக்கு மிக அருகில் வைத்து இதனை ஈடுசெய்தனர். அதனால் இல்லத்தில் கேட்டவருக்கு வழக்கத்துக்கு மாறான நெருக்கம் கிட்டியது. பாடகர் மூச்செடுப்பதும், வில் நரம்பைத் தொடும் முதல் உரசலும் கேட்டன. முன்வரிசையில் அமர்ந்தவர்க்கும் அரங்கில் இவை எட்டுவதில்லை.

நேரலையில் ஒளிபரப்பான நிகழ்ச்சிகளில் பாராட்டு எழுத்தாக வந்தது. 'சபாஷ்' என்னும் சொல்லும் கைதட்டும் சிறு படங்களும் திரையோரத்தில் ஓடின. பாடிக்கொண்டிருந்தவரால் அவற்றைப் படிக்க இயலாது. பாட்டு முடிந்தபின்னரே அவர் அறிந்துகொண்டார்.

தொலைவில் இருந்தோர்

இழப்பை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழையாகும். மார்கழி விழா நெடுங்காலமாகச் சென்னையின் சில பகுதிகளுக்கே உரியதாக இருந்தது. மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் எளிதில் வந்துசெல்ல இயன்றோர், நுழைவுச்சீட்டின் விலையைத் தாங்கக்கூடியோர், படியேறும் உடல்நலம் வாய்த்தோர் ஆகியோர்க்கே அது எட்டியது. நல்ல இருக்கைகள் பல புரவலர்க்கும் உறுப்பினர்க்கும் சென்றுவிடும். இணையத்தில் எல்லாரும் முதல் வரிசையினரே. முழங்கால் வலியால் நெடுங்காலம் சபாவுக்குச் செல்லாத பாட்டி, தென்காசியில் இசை பயிலும் சிறுமி, யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் வாழும் தமிழர் ஆகிய அனைவரும் ஒரே மேடையை ஒரே அண்மையில் காண வழி பிறந்தது. பயில்வோர்க்குத் தனியொரு நன்மையும் விளைந்தது. வயலின் கலைஞரின் இடக்கை விரல் எவ்வாறு வழுக்கிச்சென்று கமகத்தைப் பிறப்பிக்கிறது என்பதைப் படக்கருவி அண்மையில் காட்டியது. புரியாத இடத்தை நிறுத்தித் திருப்பிப் பார்க்கவும் முடிந்தது.

ஆயினும் 'எல்லார்க்கும்' என்னும் சொல்லை எச்சரிக்கையோடுதான் ஆள வேண்டும். திறன்பேசி ஒன்றே உள்ள வீட்டில் அதனைப் பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்கே பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்த ஆண்டு அது. அலைபேசிக் கோபுரத்தின் குறி கிடைக்காத சிற்றூர்களில் மாணவர்கள் பாடம் கேட்கவே மேட்டுநிலம் தேடிச் சென்றனர். அத்தகையோர்க்கு மூன்று மணிநேரக் கச்சேரியின் படமும் ஒலியும் தடையின்றி வந்துசேர்வது எளிதன்று.

மேடையும் உலைப்பானையும்

பெயர்பெற்ற பாடகர்களை இணையம் ஓரளவு தாங்கியது. அவர்கள் பெயருக்காகவே சீட்டு விற்கும். கஞ்சிரா, கடம், முகர்சங்கு வாசிப்போர் நிலை அதுவன்று. செலவைக் குறைக்க வேண்டுமாயின் முதலில் விலக்கப்படுவது இத்துணைக்கருவிகளே. விழாக்காலத்தில் நண்பகலில் இளங்கலைஞர்களும், பிற்பகலில் சற்று வளர்ந்தோரும், மாலையில் மூத்தோரும் பாடுவது வழக்கம். அது படிப்படியாக ஏறும் ஏணி. விழா நாள்கள் சுருங்கியபோது ஏணியின் கீழ்ப்படிகளே முதலில் மறைந்தன. மேடை அமைப்போர், ஒலி-ஒளி அமைப்போர், சபா உணவுச்சாலைகளின் சமையற்கலைஞர் ஆகியோரின் மார்கழி வருவாயும் நின்றுபோயிற்று.

சபா மேடைக்கு வெளியே துயரம் இன்னும் ஆழமானது. நாகசுரமும் தவிலும் கோயிலையும் திருமணத்தையும் சார்ந்து வாழ்பவை. கோயில்கள் அடைக்கப்பட்டன; திருமணங்களில் 50 பேருக்குமேல் கூடலாகாது என விதிக்கப்பட்டது. கரகம், பறை, தெருக்கூத்து, நையாண்டிமேளம் ஆகிய கலைகளை நிகழ்த்துவோர்க்குப் பங்குனி முதல் ஆடி வரையிலான திருவிழாக்காலமே ஆண்டு முழுமைக்கும் சோறளிக்கும் காலம். 2020இல் அக்காலம் முழுவதும் ஊரடங்கில் கழிந்தது. விடிய விடிய நிகழும் தெருக்கூத்தைச் சுற்றி ஊர் அமர்ந்திருக்கும். கட்டியங்காரன் கூட்டத்தில் ஒருவரைச் சுட்டி நகையாடுவான். திரைக்கு இடம்பெயர்க்க எளிதில் இணங்காத கலை அது. அதனைப் படம்பிடிக்கவும் பரப்பவும் வேண்டிய பொருள்வளமும் அக்கலைஞரிடம் இல்லை. நலவாரியத்தில் பதிவுசெய்தோர்க்கு அரசு நிவாரணத்தொகை வழங்கியது. கருநாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா நிறுவிய சுமனசா அறக்கட்டளை நலிவுற்ற கலைஞர்க்காக நிதி திரட்டியது. இவை பசியை ஆற்றின. வாசிக்கும் வாய்ப்பை எவரும் அளிக்க இயலவில்லை. இசைவிழா இணையத்தில் வெற்றியுடன் நடந்தது எனச் சொல்வோர் இவர்களையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

படக்கருவி தங்கிவிட்டது

2022 டிசம்பரில் சென்னை அரங்குகள் மீண்டும் நிறைந்தன. கோர்வை முடிவில் கைதட்டல் எழுந்தது; சிற்றுண்டிச்சாலைகளில் வரிசை நீண்டது. படக்கருவிகள் மட்டும் அரங்கைவிட்டு அகலவில்லை. சில சபாக்கள் அரங்கில் கேட்போர்க்கும் இல்லத்தில் கேட்போர்க்கும் தனித்தனியே சீட்டு வழங்குகின்றன.

இதனால் பழைய காலத்தில் எழாத வினா ஒன்று எழுந்துள்ளது. அரங்கில் பாடிய பாட்டு அன்றோடு காற்றில் கரைந்தது. கலைஞர்க்கு ஒருமுறை பாடினார், ஒருமுறை ஊதியம் பெற்றார் என்பதே வழக்கு. பதிவான கச்சேரியோ எத்தனை முறையும் காட்டப்படலாம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பிற்காலத் திருத்தங்களின் வழியே 'நிகழ்த்துநர் உரிமை'யை ஏற்றுள்ளது. அவ்வுரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். நிகழ்ச்சியின் பதிவு வணிகத்துக்குப் பயன்படும்போது நிகழ்த்துநர்க்கு உரிமத்தொகை உண்டு என 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. பாடகர்க்கு மட்டுமன்றி, வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பின்வரிசையில் அமர்ந்த கடத்துக்கும் இவ்வுரிமை பொருந்தும். ஆகவே ஒளிப்பதிவுக்கு ஒப்புதல் அளிக்கும் தாளில் கையெழுத்திடுமுன், பதிவு எத்தனை நாள், எந்தெந்தத் தளத்தில் காட்டப்படும், வரும் தொகையில் தமக்குரிய பங்கு யாது என்பவற்றைக் கேட்டறிவது பக்கவாத்தியக் கலைஞரின் உரிமையாகும்.